அது தர்மக் காசு இல்ல சாமி!

அமெரிக்காவுல இருந்தப்போ பாஸ்போர்ட் புதுப்பிச்சேன். ரசீதுல கட்டணத்துக்குக் கீழ ரெண்டு டாலருக்குத் தனியா ஒரு வரி. இந்திய சமுதாய நல நிதியாம். ரெண்டு டாலர்தானேன்னு மடிச்சு வச்சுட்டேன்.

போன வருசம் குத்துக்கல்வலசையில எங்க தெருக்காரர் ஒருத்தர், வளைகுடாவுல கொத்தனாரா இருந்தவர், மாரடைப்புல போயிட்டார். பாடி ஊர் வந்து சேர 23 நாள். தூதரகத்துக்கு (எந்த நாடுன்னு வேணாம் விடுங்க) நான்தான் போன் போட்டேன். "ஸ்பான்சர்கிட்ட பேசுங்க சார்." ஸ்பான்சர் போனையே எடுக்கலை. மறுபடி போட்டா மறுபடி அதே ஸ்பான்சர். கடைசியில மதினி தென்காசியில நகையை அடகு வச்சாங்க, மிச்சத்தை அண்ணன்கூட வேலை பார்த்த பசங்க வசூல் பண்ணினாங்க.

எல்லாம் முடிஞ்ச பிறகுதான் அந்த ரசீது ஞாபகம் வந்து தேடிப் படிச்சேன். 2009-ல ஆரம்பிச்ச நிதி. தூதரகம் செய்யுற சேவைக்கெல்லாம் நம்மகிட்ட சேர்த்து வாங்குற காசு. 2017-ல திருத்தின விதிப்படி, ஸ்பான்சரும் தரலை, காப்பீடும் இல்லைன்னா, வசதியில்லாத குடும்பத்துக்காகப் பாடியை ஊருக்கு அனுப்ப இதுலருந்து செலவு பண்ணலாம். அச்சு அசல் எங்க கேஸ்! அத்தனை போன்ல ஒருத்தராவது இந்த நிதி பேரைச் சொன்னாங்களா? மூச்.

காப்பீடு இல்லையான்னு கேப்பீங்க. பத்தாவது தாண்டாதவங்க வளைகுடா வேலைக்குப் போகும்போது எமிக்ரேஷன் கிளியரன்ஸோட பிரவாசி பாரதிய பீமாவும் கட்டாயம். ஆனா ஏஜெண்ட் அண்ணனை விசிட் விசாவுல ஏத்தி விட்டுட்டான். கிளியரன்ஸும் கிடையாது, பீமாவும் கிடையாது. அண்ணன் செஞ்சது தப்புதான், ஒத்துக்கறேன். அதுக்காகப் பிரீசர்ல கிடக்கணுமா?

ஆள் பத்தலைன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. 1990-ல குவைத்துலருந்து சுமார் 1,70,000 பேரை அம்மான் வழியா விமானத்துல கொண்டுவந்த அரசாங்கம் இது. ஊரே பார்க்குறப்போ எல்லாம் நடக்குது. ஒத்தை ஆளு செத்தா நடக்க மாட்டேங்குது.

நான் கேக்குறது பெரிசா ஒண்ணுமில்ல. சாவைப் பதியறப்பவே குடும்பத்துக்கு ஒரு போன், அவங்க பாஷையில: "இப்படி ஒரு நிதி இருக்கு, இந்தக் காகிதமெல்லாம் அனுப்புங்க." எட்டாவது படிச்ச மதினி விதிமுறையைத் தேடிப் படிப்பாங்களா என்ன? இன்ஜினியரிங் முடிச்ச நானே ரசீதை மடிச்சு வச்சவன்.

டிஸ்கி: தூதரகத்துல வேலை பார்க்கிற புண்ணியவான் யாராவது படிச்சா தாராளமா திட்டுங்க. அதுக்கு முன்னாடி, அந்த நிதிக்கு யார்கிட்ட, எப்படி மனு கொடுக்கணும்னு தமிழ்ல நாலு வரி எழுதிட்டுத் திட்டுங்க. மதினி நகை இன்னும் அடகுலதான் இருக்கு.