குதிகாலை அழுத்தி உடைக்க முடியாது

காலையில் எழுந்து தரையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் வலி. நாலடி நடந்தால் குறையும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இப்படிச் சொல்கிறவர்களுக்கு எல்லா ஊரிலும் ஒரே யோசனைதான் கிடைக்கிறது: “டீப் டிஷ்யூ மசாஜ் பண்ணிக்கோங்க. உள்ளே இறுகிக் கிடக்கிறதை உடைச்சு விட்டாத்தான் சரியாகும்.” குப்புறப் படுக்கவைத்து, எண்ணெய் தடவிய உள்ளங்காலில் முழங்கையை ஊன்றி விரல்வரை இழுப்பார்கள். படுத்திருப்பவர் தலையணையைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார். வலித்தால்தான் வேலை செய்கிறது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் அந்த ‘உடைப்பது’. குதிகால் எலும்பின் உட்புற ஓரத்தில் தொடங்கி விரல்களின் அடிவரை விரிந்து போகும் தடித்த நார்ப்பட்டை ஒன்று உள்ளங்காலில் இருக்கிறது. பிளாண்டார் ஃபேசியா என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். குதிகால் வலிகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டை எலும்பைப் பற்றும் இடத்தில் வருபவை. நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைத் தாங்குகிற பட்டை அது. அதைக் கையால் ஒரே ஒரு சதவீதம் அமுக்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணித மாதிரி அமைத்துப் பார்த்தார்கள். மனிதக் கை இயல்பாகத் தரக்கூடிய விசைக்கு எட்டாத அளவு அது என்று தெரிந்தது. நாள் முழுக்க நடந்தும் நிரந்தரமாக நீளாத பட்டையைக் கட்டைவிரலால் நீட்டிவிட முடியாது. மசாஜ் முடிந்ததும் கால் லேசானதுபோல் இருப்பது பொய்யல்ல. ஆனால் மாறியது நரம்பு உணரும் வலிதான், பட்டை அல்ல.

எக்ஸ்ரேயில் தெரியும் ‘முள்’ளைக் கரைத்துவிடுகிறேன் என்பது இதைவிட மோசம். அது எலும்பு. எந்தத் தைலத்துக்கும் எந்த விரலுக்கும் கரையாது. கரைய வேண்டிய தேவையும் இல்லை: வலியே அறியாத எத்தனையோ பேரின் குதிகாலில் அந்த முள் இருக்கிறது, வலி முழுக்கத் தீர்ந்தவர்களுக்கும் அது அப்படியே இருக்கிறது.

அடுத்தது, வலிக்க வலிக்கத்தான் குணம் என்பது. இந்த நம்பிக்கைமேல்தான் எனக்குக் கோபம் அதிகம். குதிகால் வலிக்கான அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுக்களை ஆராய்ந்து 2003இல் ஓர் அறிக்கை வெளியானது. எதிர்பார்த்த அழற்சி அவற்றில் காணப்படவில்லை. நார்கள் நைந்து, ஒழுங்கு குலைந்து கிடந்தன. ஏற்கெனவே நைந்துபோன இடத்தைக் கன்றிப்போகும் அளவுக்கு நசுக்குவதால் என்ன நன்மை? மறுநாள் கால் ஊன்ற முடியாதவரிடம், “கெட்டது வெளியே வருது” என்று சொல்லி அடுத்த முறைக்கு நேரம் குறித்துக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

“எனக்கு மசாஜ் பண்ணித்தானே சரியாச்சு?” என்று கேட்பவர்களும் உண்டு. பெரும்பாலோருக்கு இந்த வலி ஓராண்டுக்குள் தானாகவே அடங்கிவிடும். அடங்கும் சமயத்தில் எதைச் செய்துகொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் கிடைக்கிறது.

மசாஜே வீண் என்று நான் சொல்லவில்லை. 2011இல் 60 பேரிடம் நடந்த ஆய்வில், கெண்டைச்சதையில் உள்ள வலிப்புள்ளிகளை அழுத்திவிட்டு நீட்டல் பயிற்சியும் செய்தவர்கள், நீட்டல் மட்டும் செய்தவர்களைவிட ஒரு மாத முடிவில் நன்றாக இருந்தார்கள். அழுத்தியது கெண்டைச்சதையை, கூடவே பயிற்சியும் இருந்தது. வலியைத் தற்காலிகமாகத் தணித்துப் பயிற்சிக்கு வழிவிடுவதுதான் மசாஜின் இடம்.

மருந்து இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்ற பேச்சு நம்மிடையே சர்க்கரை நோயாளிகளையே முதலில் பலிவாங்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு எவ்வளவு அழுத்தம் அதிகம் என்பதே தெரியாது. சூடாக்கிய செங்கல்மேல் எருக்கிலை வைத்து மிதிக்கிற வைத்தியமும் அவர்களுக்குக் கூடாது. தோல் வெந்த பிறகுதான் தெரியவரும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது நரம்பு இழுப்பாக இல்லாமல் ரத்த உறைவாக இருக்கலாம். அதை அழுத்தினால் உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கைகளால் நெருக்கினால் துடிக்கிற வலி எலும்புக் கீறலாகவும், இளைஞர்களுக்குக் காலையில் இடுப்பும் குதிகாலும் சேர்ந்து இறுகுவது முதுகெலும்பு வாதமாகவும் இருக்கலாம். இவையெல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

அப்படியானால் எது ஆற்றும்? படிப்படியாகப் பளு ஏற்றுவது. டென்மார்க்கில் 48 பேரிடம் செய்து பார்த்த பயிற்சியை வீட்டுப் படியிலேயே செய்யலாம். துண்டு ஒன்றைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மடங்கி நிற்கும்படி ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். மூன்று விநாடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பழகப் பழக முதுகில் பை மாட்டி எடை கூட்டலாம். மூன்று மாத முடிவில் இதைச் செய்தவர்கள் நீட்டல் மட்டும் செய்தவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டில் இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பளுவைக் கூட்டுவதற்கு முன்னால் தேவையற்ற பளுவைக் குறைக்கவும் வேண்டும். ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பெண்ணைக் கவனியுங்கள். டைல்ஸ் தரையில் காலையில் நின்றவர், மாலைக்குள் ஒரு கால் மாற்றி ஒரு காலில் எடையைச் சாய்த்து, கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி அடுத்த புடவையை விரிப்பார். அவருக்கு வாரம் ஒரு மசாஜ் எழுதிக் கொடுத்து அனுப்புவது வைத்தியமே அல்ல. 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. நம் சட்டத்தில் அது 22-ஏ பிரிவு. கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அதில் உட்காரவும் விட்டால், அந்தக் குதிகாலுக்கு எந்த முழங்கையும் தராத ஓய்வு கிடைக்கும்.