'மேக வெடிப்பு' என்னும் சொல்

மலைப் பிரதேசத்தில் எங்கேனும் வெள்ளம் பாய்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்ததென்றால், மறுநாளே 'மேக வெடிப்பு' என்ற செய்தி வந்துவிடுகிறது. விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழாக்கும் அலுவலில் உள்ளவன் என்ற முறையில் நானும் இச்சொல்லைப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆதலால் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. மேகம் பலூனைப்போல் வெடிப்பதில்லை. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததால் வந்த வினை அது. எனினும், சொல்லின் பிழையைவிட, அளந்து பாராமலே அது வழங்கப்படுவதுதான் கவலைக்குரியது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை இதற்குத் திட்டமான வரையறை வகுத்துள்ளது. சுமார் 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் மழை பெய்தாலே அது மேக வெடிப்பு எனப்படும். ஒரு சதுர மீட்டர் தரையில் 100 லிட்டர். 20 சதுர கிலோமீட்டருக்கு 20 லட்சம் கன மீட்டர் நீர் என்று ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டே கணக்கிடச் செய்யலாம். ஆனால் காலை 8.30 மணிக்கு ஒருமுறை பார்க்கப்படும் சாதாரண மழைமானி, 24 மணி நேரத்தின் மொத்தத்தையே கூறும். மணிக்கணக்கை அறியத் தானே பதிவு செய்யும் கருவி வேண்டும். அக்கருவி மழை பெய்த இடத்திலேயே இருக்கவும் வேண்டும்.

இவ்விரண்டாம் நிபந்தனைதான் கடினமானது. 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நகரின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். ஒரே நகருக்குள் இவ்வளவு வேற்றுமை எனில், மலைப்பள்ளத்தாக்குகளைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. 2010 ஆகஸ்டு 5-6 இரவில் லே நகரைச் சேறும் கல்லும் மூடின. அங்குள்ள வானிலை நிலையத்தின் மானியோ 12.8 மில்லிமீட்டர் மட்டுமே காட்டியது. பெருமழை மானியை விட்டு விலகிப் பெய்திருந்தது. பின்னர் அங்குச் சென்ற ஆராய்ச்சியாளர், வெள்ளம் விட்டுச்சென்ற தடங்களை ஆராய்ந்து, பெய்த மழையைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டியதாயிற்று.

மழையே காரணமல்லாத வெள்ளங்களும் உண்டு. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலி மாவட்டத்தில் 200க்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். ரோந்தி சிகரத்திலிருந்து பாறையும் பனியுமாகச் சுமார் 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பொருள் சரிந்ததே அதற்குக் காரணம். அதற்கும் முதலில் 'பனிப்பாறை வெடிப்பு' என்றே பெயரிட்டனர்; 'வெடிப்பு' நம்மை எளிதில் விடுவதாயில்லை! 2013 ஜூன் மாதக் கேதார்நாத் பேரழிவில் பெருமழையும் இருந்தது, ஏரி உடைப்பும் இருந்தது. சோராபாரி பனியாற்றருகே வாடியா இமாலய நிலவியல் நிறுவனத்தார் வைத்திருந்த கருவி, 24 மணி நேரத்தில் 325 மில்லிமீட்டர் காட்டியது. மறுநாள் காலை ஏரிக்கரை உடைந்தது. பனியாற்றை ஆராய்வதற்கென்று வைத்த கருவி அங்கிராவிடில், மழையின் பங்கு எவ்வளவு என்பதை எவரால் உரைக்கவியலும்?

வீட்டை வெள்ளம் கொண்டுபோனவனுக்குப் பெயர் எதுவானால் என்ன என்று சிலர் கேட்பர். அவனுக்கு ஒன்றுமில்லைதான், அடுத்த ஊருக்கு உண்டு. மழை காரணமெனில் அங்கு மானியும் ராடாரும் வேண்டும். ஏரி காரணமெனில் ஏரியைக் கண்காணிக்க வேண்டும். ஆற்றின் பழைய வழியில் கட்டிய விடுதிகள் காரணமெனில், அவற்றுக்கு அனுமதி அளித்தவரைக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் மேகத்தின் தலையில் சுமத்திவிட்டால் இவற்றுள் எதுவும் நடவாது.

விஞ்ஞானிகள் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, 1951 முதல் 2000 வரை மத்திய இந்தியாவில் மிகப் பெருமழை நிகழ்ச்சிகள் பெருகியதையும் மிதமான மழை குறைந்ததையும் காட்டியது. அவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் பருவமழையின் சராசரி மாறாமலே இருந்தது. சராசரியை மட்டும் பார்த்தவர்க்கு இம்மாறுதல் புலப்பட்டிராது. அதற்கு ஆதாரமாய் நின்றவை 1803 நிலையங்களின் அன்றாடப் பதிவுகள். நாள்தோறும் காலையில் மானியருகே சென்று எண்ணைக் குறித்தவர்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை.

ஆகவே களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரணம் தெளியும்வரை அறிக்கையில் 'திடீர் வெள்ளம்' என்றே எழுதுங்கள், கண்டது அதுதான். மழை தொடங்கிய நேரம், ஓய்ந்த நேரம், ஆற்றில் நீர் உயர்ந்த நேரம், நீரின் நிறம் ஆகியவற்றைக் குறியுங்கள். மழையின்றி நீர் உயர்ந்திருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். மானி நிரம்பி வழிந்திருந்தால் 'வழிந்தது' என்று எழுதுங்கள். அவ்விடத்தில் உத்தேசமாக ஓர் எண்ணை இட வேண்டாம்.