மாலை வாடும், நாற்காலி காலியாகலாமா?

பேராசிரியர் ஓய்வு பெறுகிறார் என்றால் கல்லூரியில் ஒரே கோலாகலம்தான்! ரோஜா மாலை, பொன்னாடை, வாழ்த்து மடல், விருந்து! மாணவர்கள் கண் கலங்குகிறார்கள். முப்பது ஆண்டுகள் தமிழ் சொல்லிக் கொடுத்தவருக்கு இந்த மரியாதை தகும்.

ஆனால் மறுநாள் காலையில் அந்த வகுப்பில் பாடம் நடத்தப் போவது யார்? விழா எடுப்பவர்கள் இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்.

தச்சரின் உளி

நெல்லைச் சந்திப்புக்கு வடக்கே, மதுரை சாலையில் இருக்கிறது தச்சநல்லூர். ஊரின் பெயரிலேயே தச்சர் இருக்கிறார். தச்சு வேலை தெரிந்த பெரியவர், கை தளரும் வரை காத்திருக்க மாட்டார். தெம்பாக இருக்கும்போதே பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, உளி பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுவார். அதனால் தொழில் அறுந்து போகாது.

தமிழ் ஆராய்ச்சியும் அப்படித்தான். பழைய ஓலைச்சுவடியைப் படிப்பது எப்படி? ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி? புத்தகத்தைப் புரட்டினால் மட்டும் இது வந்துவிடாது. தெரிந்தவர் பக்கத்தில் இருந்து பழக வேண்டும்.

நெல்லை தந்த இருவர்

நெல்லைச் சீமையில் பிறந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. 1926 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்கு அவர் பதிப்பாசிரியர். ஒரு லட்சத்துக்கும் அதிகமான சொற்களுக்குப் பொருள் சொல்லும் அகராதி அது! அது முடிந்ததும், 1936-ல் அங்கேயே தமிழ்த் துறைத் தலைவரானார்.

அதே ஆண்டில் அந்தத் துறையில் வந்து சேர்ந்தார் ரா.பி. சேதுப்பிள்ளை. அவரும் நெல்லைக்காரர்தான். தச்சநல்லூருக்கு அருகே, தாமிரபரணிக் கரையில் உள்ள ராஜவல்லிபுரம் அவருடைய ஊர்.

பத்து ஆண்டுகள் இருவரும் ஒரே துறையில் பணி செய்தார்கள். 1946-ல் வையாபுரிப் பிள்ளை ஓய்வு பெற்றார். துறை தள்ளாடவில்லை. சேதுப்பிள்ளை தலைமை ஏற்றார். தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களை ஆராய்ந்து அவர் எழுதிய "ஊரும் பேரும்" வெளிவந்ததும் அந்த ஆண்டில்தான். 1955-ல் தமிழுக்குக் கிடைத்த முதல் சாகித்ய அகாடமி பரிசும் அவருக்கே!

1961-ல் சேதுப்பிள்ளை காலமானார். மு. வரதராசனார் அந்தப் பொறுப்பை ஏற்றார். ஒருவர் எழுந்தால் மற்றொருவர் அமர்ந்தார். பேராசிரியருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு விழா உண்டா?

ஜெர்மனியில் என்ன நடந்தது?

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஜெர்மனியில் கொலோன் நகரப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வந்தார்கள். 2020-ல் அங்கே பேராசிரியை உல்ரிக்கே நிக்லாஸ் ஓய்வு பெறும் வேளை வந்தது. உடனே தமிழ்ப் படிப்பையே நிறுத்திவிடும் பேச்சும் எழுந்தது!

அயல்நாட்டுத் தமிழர்கள் நிதி திரட்டினார்கள். தமிழ்நாடு அரசும் 1 கோடியே 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. ஒரே ஒருவர் விடைபெற்றதற்கு இத்தனை பாடு! ஒரு துறை ஒரே தூணில் நின்றால் இதுதான் கதி.

தெரிந்த தேதிதானே?

ஓய்வு என்பது திடீரென்று வரும் மழையல்ல. தமிழ்நாட்டில் 60 வயது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். அப்படியிருக்க, இடம் காலியான பிறகு ஆள் தேடுவது ஏன்? நிரந்தர ஆசிரியருக்குப் பதில், மதிப்பூதியத்துக்கு வரும் கௌரவ விரிவுரையாளரை வைத்துக் காலம் தள்ளுவது ஏன்? அவரும் நன்றாகப் படித்தவர்தான். ஆனால் அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாதவர் பத்து ஆண்டு ஆராய்ச்சியில் எப்படி இறங்குவார்?

செலவு ஆகுமே என்று கேட்கலாம். ஆகும்தான். ஆனால் அறுந்த கல்வியை மீண்டும் முடிவதற்கு ஆகும் செலவு அதைவிடப் பெரிது.

பெரியவர் ஓய்வு பெறுவதற்கு ஓரிரண்டு ஆண்டு முன்பே இளையவரை நியமிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து பணி செய்ய வேண்டும். பெரியவர் சேர்த்த புத்தகங்களும் குறிப்புகளும் நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வையாபுரிப் பிள்ளை சேர்த்த நூல்கள் இன்றும் கல்கத்தா தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

மாலை மறுநாள் வாடிவிடும். பொன்னாடை பெட்டிக்குள் போய்விடும். தம் இடத்தில் நின்று இளையவர் பாடம் நடத்துவதைப் பார்ப்பதே, ஓய்வு பெறும் ஆசிரியருக்கு வாடாத மாலை!