ஸ்டூடியோக்காரரிடம் இருப்பது அவருடைய படங்கள் மட்டுமல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. ஸ்டூடியோ வைத்திருப்பவர்களும், வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

என்னிடம் படித்த தம்பி ஒருவர் இப்போது கல்யாணப் படப்பிடிப்பாளர். பன்னிரண்டு வருடப் படங்கள், நான்கு ஹார்ட் டிஸ்க்குகளில். "சேர், எந்த கிளவுட் நல்லது, எது மலிவு?" என்று வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதிலை ஊருக்கே சொல்லலாம் என்று தோன்றியது. என் கருத்து இதுதான்: மலிவு எது என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அந்தப் படங்கள் நம்மிடம் இருக்கும் அமானிதம். அமானிதத்தை எங்கே வைப்பது என்று பார்க்கும்போது, கேட்ட நாளில் முழுதாகத் திரும்பக் கிடைக்குமா, அதுவரை பூட்டியே இருக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இது ஒரு கடைக்காரரின் தொழில் விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது கிண்ணியாவிலும் மூதூரிலும் திருகோணமலைக் கரையோரத்திலும் வீட்டோடு ஆல்பங்களும் போயின. 2006இல் மூதூர் மக்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு நடந்தபோது யார் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்? 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளம் வந்தபோதும் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தவைதான் முதலில் நனைந்தன. மௌத்தான வாப்பாவின் முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படமும் இல்லாத வீடுகள் நம்மிடையே உண்டு. அப்படியானவர்கள் கடைசியாகப் போய்க் கேட்கும் இடம் ஸ்டூடியோ. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை நாம் பாதையில் ஏறிக் கடந்த துறையடி எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றாலும் அங்கேதான் போக வேண்டும்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. நாம் இன்றும் துக்கப்படுவது அவற்றுக்காகத்தான். நம்மூர் ஸ்டூடியோவின் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதில் பெரும்பகுதியும் அப்படி ஒரே பிரதியாக இருப்பதுதான்.

சரி, கிளவுட்டுக்கு வருவோம். அந்த ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் விற்கப்படுகின்றன. கூகுள் போட்டோஸ், பேஸ்புக் போன்றவை படங்களைக் காட்டவும் பகிரவும் உள்ளவை. டிரொப்பொக்ஸ், கூகுள் டிரைவ் போன்றவை இங்கே உள்ளதை அங்கேயும் ஒரே மாதிரி வைத்திருப்பவை. இங்கே கைதவறி அழித்தால் அங்கேயும் அழியும். கொஞ்ச நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், பிறகு போய்விடும். மூன்றாவதுதான் உண்மையான பேக்கப். கணினியில் உள்ளதைத் தானாகவே எடுத்துவைத்து, நீங்கள் அழித்ததையும் மாற்றியதையும் கூட குறிப்பிட்ட காலத்துக்கு வைத்திருக்கும். தம்பிக்குத் தேவை இந்த மூன்றாவது. பலர் முதலாவதை வைத்துக்கொண்டு மூன்றாவது இருக்கிறது என்று நம்புகிறார்கள்.

எந்த நிறுவனமாக இருந்தாலும் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. கொடுத்தது அப்படியே திரும்பி வருமா?
கூகுள் போட்டோஸில் "ஸ்டோரேஜ் சேவர்" தெரிவு செய்திருந்தால் படங்கள் சுருக்கப்படும். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை அந்த அளவுக்குக் குறைக்கப்படும். பார்ப்பதற்குப் போதும். பெரிய ஆல்பம் அடிக்கப் போதாது. கெமராவின் ரோ ஃபைல்களும், ஃபோல்டர் பெயர்களும், திகதிகளும் மாறாமல் வர வேண்டும்.

2. மறந்துபோனால் என்ன ஆகும்?
பேக்பிளேஸ் என்ற நிறுவனத்தின் தனிநபர் திட்டத்தில் ஒரு கணினிக்கு அளவு வரையறை இல்லை. 2023 ஒக்டோபரில் அதன் விலை வருடத்துக்கு 99 டொலராக உயர்ந்தது; சுமார் 30,000 ரூபாய். நல்ல திட்டம்தான். ஆனால் வெளி ஹார்ட் டிஸ்க்கை 30 நாட்களாகக் கணினியில் செருகாவிட்டால், அதிலிருந்து எடுத்த பிரதியும் அழிக்கப்படும். அமைப்புக்குள் போய் அந்தக் காலத்தை ஒரு வருடமாக மாற்றலாம். மாற்றாமல் டிஸ்க்கை அலுமாரியில் வைத்துவிட்டு "ஒன்லைனில் இருக்கிறது" என்று நிம்மதியாகத் தூங்கக் கூடாது. கூகுளும் இரண்டு வருடம் திறக்கப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது.

3. யார் திறந்து பார்க்க முடியும்?
நம் சமூகத்துக்கு இதுதான் பெரிய கேள்வி. பெண்கள் பக்கப் படங்களை நம்பித்தான் எடுக்க விடுகிறார்கள். "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று போட்ட ஃபோல்டர் பூட்டாத வீடு மாதிரி. அனுப்பும் முன்பே நம் கணினியில் பூட்டி, சாவியை நம்மிடமே வைத்திருக்கும் வசதி சில சேவைகளில் உண்டு. ஒரு எச்சரிக்கை: அந்தச் சாவியைத் தொலைத்தால் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. எழுதிப் பத்திரமான இடத்தில் வையுங்கள். ஒரு குடும்பம் "எங்கள் படத்தை ஒன்லைனில் போடாதீர்கள்" என்றால் போடவே கூடாது. படம் எடுக்க ஒப்புக்கொள்ளும்போதே அதைக் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

4. டொலர் ஏறினால் கட்ட முடியுமா?
2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நாம் மறக்கவில்லை. மாதக் கட்டணம் தவறினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ படங்கள் போய்விடும். இலவசத்தை நம்பினாலும் இதே கதைதான். கூகுள் போட்டோஸின் வரையறையற்ற இலவச இடம் 2021 ஜூன் 1 அன்று முடிந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிகாபைட். ஒரு கல்யாணத்துக்கே அது காணாது.

5. நம்மூர் இணையத்தில் ஏற்ற எத்தனை நாள்?
கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏற்றும் வேகம் நொடிக்கு 5 மெகாபிட் என்றால், 1 டெராபைட் ஏற இரவு பகலாக 18 நாட்களுக்கு மேல். 4 டெராபைட் என்றால் இரண்டரை மாதம். உங்கள் பெக்கேஜின் டேட்டா எல்லையையும் அது தின்னும். அதனால் திரும்ப எடுக்கவே முடியாத பழைய படங்களை முதலில் ஏற்றுங்கள். போன வாரக் கல்யாணம் பிறகு ஏறட்டும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு, இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கினால் போதாதா?" என்பார்கள். வாங்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே மேசை லாச்சியில் இருந்தால் ஒரே வெள்ளம், ஒரே தீ, ஒரே திருடன். உப்புக்காற்று வேறு நம் ஊரில் மின்சாதனங்களை அரிக்கிறது.

மறுபக்கம், "ஒன்லைனில் போட்டாயிற்று, இனி டிஸ்க் எதற்கு?" என்பவர்களுக்கு நம் நாட்டு அரசாங்கத்தின் கதையே பாடம். 2023 ஆகஸ்டில் அரச கிளவுட் மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. ஒன்லைனில் இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. வெளியே கழற்றி வைத்த பிரதி இல்லாததால், gov.lk முகவரிகள் சுமார் 5,000இன் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை. அரசாங்கத்துக்கே அந்த நிலை.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் பிரபலமாக்கிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். நம் ஊருக்கு நான் இப்படிச் சொல்வேன். ஒன்று வேலை செய்யும் கணினியில். ஒன்று கழற்றி வைத்த டிஸ்க்கில். அதைக் கிண்ணியாக்காரர் கந்தளாயிலுள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டில் பூட்டி வைக்கலாம். ஒன்று காசு கொடுத்து வாங்கிய உண்மையான பேக்கப் சேவையில். இரண்டு மூன்று ஸ்டூடியோக்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் டிஸ்க்கை வைத்துக் காப்பதும் நல்ல வழி. ஆனால் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய டிஸ்க்காக இருக்க வேண்டும்.

செலவு யாருடையது? வாடிக்கையாளர்களாகிய நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மண்டபத்துக்கும் மேடைப் பூவுக்கும் கேட்டதைக் கொடுத்துவிட்டு ஸ்டூடியோக்காரரிடம் மட்டும் ஐந்நூறுக்குப் பேரம் பேசுகிறோம். "எங்கள் படத்தை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், எங்கே வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல பதில் சொல்பவருக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுப்பதில் தவறில்லை. வருடத்துக்கு முப்பது கல்யாணம் எடுப்பவருக்கு அந்த ஆயிரங்களிலேயே சேவைக் கட்டணம் கட்டி முடியும்.

இன்னொன்று. பாதை, பாலம், பாடசாலை விளையாட்டுப்போட்டி, துறைமுகம், வெள்ளம் போன்ற பொதுப் படங்கள் எந்த வீட்டின் அந்தரங்கமும் அல்ல. அவற்றை 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகங்களுக்குக் கொடுப்பது பற்றிப் பேசுங்கள். பாடசாலைகளும் தம் பழைய மாணவர் சங்கங்கள் மூலம் இதைத் தொடங்கலாம்.

தம்பிக்கு முடிவாகச் சொல்வது: உங்களுக்கு ஒரு கணினியும் நான்கு டிஸ்க்குகளும் என்பதால் பேக்பிளேஸ் போன்ற திட்டம் பொருந்தும். ஒரு வருடக் காலத்தைத் தெரிவு செய்யுங்கள். மாதம் ஒருமுறையாவது எல்லா டிஸ்க்கையும் செருகுங்கள். பாஸ்வேர்டும் சாவியும் உங்கள் மனைவிக்கோ தம்பிக்கோ தெரிந்திருக்க வேண்டும். நமக்கு ஏதும் நேர்ந்தால் ஊரின் படங்களும் நம்மோடு போய்விடக் கூடாது. ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் திகதியும் ஒன்லைனிலிருந்து பழைய கல்யாணம் ஒன்றை முழுதாகத் திரும்ப இறக்கிப் பாருங்கள். எல்லாப் படமும் திறந்தால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தம்.

வேறு சேவைகள் பாவித்த அனுபவம் உள்ளவர்கள், நல்லதோ கெட்டதோ, கீழே எழுதுங்கள். உங்கள் ஊர் ஸ்டூடியோக்காரருக்கும் இதை அனுப்பிவிடுங்கள்.