அபேட்சகரைத் தெரிந்தெடுப்பவர் யார்?

ஜனநாயகத்தில் பிரஜைகளுக்குள்ள உரிமை யாதென்று கேட்டால், வோட்டுப் போடுவதே என்று எவரும் விடை கூறுவர். ஆனால் அந்த வோட்டுக்கு முன்னரே மற்றொரு தேர்தல் நடந்து முடிந்து விடுகிறது. எந்தக் கட்சியின் பேரால் யார் நிற்பது என்பதைத் தீர்மானிக்கும் தேர்தல் அது. அதில் ஜனங்களுக்கு இடமில்லையானால், பின்னர் நடக்கும் தேர்தலின் மதிப்புப் பாதியாய்க் குறைந்து போகிறது. இதைப் பற்றிப் பேசத் திருச்சிராப்பள்ளி வாசிகளுக்கு விசேஷ உரிமை உண்டு. காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

1787-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் கட்சி என்ற சொல்லையே அதில் சேர்க்கவில்லை. 1796-ல் பதவியை விட்டு விலக முடிவு செய்த வாஷிங்டன், கட்சிப் பூசலைக் குறித்துத் தம் நாட்டாரை எச்சரித்தார். எனினும் அவர் காலத்திலேயே இரு கட்சிகள் தோன்றிவிட்டன. முதலில் காங்கிரஸ் சபை அங்கத்தினர்கள் தமக்குள் கூடி ஜனாதிபதி பதவிக்கு அபேட்சகரைத் தெரிந்தெடுத்தனர். 1831 முதல் தேசீய மகாநாடுகள் அவ்வேலையை ஏற்றன. அங்கும் பெருந்தலைகளின் பேரமே மேலோங்கிற்று. 1903-ல் விஸ்கான்ஸின் ராஜ்யம் சட்டமியற்றி, வாக்காளர்களே கட்சி அபேட்சகரைத் தெரிந்தெடுக்கும் பூர்வாங்கத் தேர்தலை ஏற்படுத்தியது. 1968-ல் பூர்வாங்கத் தேர்தலில் போட்டியிடாத ஹம்ப்ரீயை ஜனநாயகக் கட்சி நிறுத்தியபோது சிகாகோ நகரில் பெருங்குழப்பம் விளைந்தது. அதன் பயனாக விதிகள் திருத்தப்பட்டன. 1972 முதல் வாக்காளர் தீர்ப்பே முதன்மை பெற்றது. இன்று அங்கே கட்சியின் தேசீயக் கமிட்டி ஒரு தொகுதிக்கு அபேட்சகரை அனுப்பி வைக்க முடியாது. கட்சிக் கட்டளையை மீறி வோட்டளித்த அங்கத்தினரின் ஸ்தானத்தைப் பறிக்கவும் முடியாது.

நம் நாட்டில் நடந்ததென்ன? 1950-ல் அமுலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்திலும் முதலில் கட்சிகளைப் பற்றிய பேச்சில்லை. 1985-ல் கட்சித் தாவலைத் தடுக்கப் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டபோதுதான் கட்சி அதனுள் பிரவேசித்தது. கட்சியின் கட்டளைக்கு மாறாக வோட்டளிப்பவர், கட்சி மன்னித்தாலன்றி, ஸ்தானத்தை இழப்பார். தாவல் வியாபாரத்தை ஒடுக்க எழுந்த இச்சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் கட்சித் தலைமைக்கு இத்துணை அதிகாரம் அளித்த சட்டம், அத்தலைமை அபேட்சகரை எவ்விதம் தெரிந்தெடுக்க வேண்டுமென்று ஒரு வார்த்தையும் கூறவில்லை. நிறுத்துவதும் அவர்களே, நிறுத்தப்பட்டவரின் வாயை அடைப்பதும் அவர்களே. ஜனங்களின் பிரதிநிதி என்பவர் நாளடைவில் தலைமையின் பிரதிநிதியாகி விடுகிறார்.

நமது பழைய வழக்கம் இதுவன்று. 1920-ல் நாகபுரியில் வகுத்த விதிகளின்படி, நாலணாச் சந்தா செலுத்தியவர் எவரும் காங்கிரஸ் அங்கத்தினராகலாம். கீழ்க் கமிட்டியிலிருந்து அகில இந்தியக் கமிட்டி வரை தேர்தல் மூலமே படியேற வேண்டும். 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் தொண்டர் படை வேதாரண்யத்துக்குப் புறப்பட்டது, திருச்சியில் டாக்டர் ராஜனின் இல்லத்திலிருந்தே. வழியெங்கும் தடையை மீறி ஜனங்கள் அப்படைக்கு உணவளித்தனர். ஊர் தோறும் வேரோடிய ஸ்தாபனமே அத்துணிவை ஊட்டிற்று.

இதே திருச்சியில் 1956 மே மாதம் திராவிட முன்னேற்றக் கழகம் மகாநாடு கூட்டியது. தேர்தலில் இறங்குவதா வேண்டாமா என்ற பெரும் பிரச்னையைத் தலைவர்கள் தாமே முடிவு செய்யவில்லை. வந்திருந்தவர்களின் வோட்டுக்கு விட்டனர். இறங்கலாம் என்றோர் 56,942, கூடாதென்றோர் 4,203. மறு ஆண்டே அக்கட்சி சென்னைச் சட்டசபையில் 15 ஸ்தானங்களைப் பெற்றது; 1967-ல் ஆட்சியையே கைப்பற்றியது. ஒரு கட்சியின் கொள்கையை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அங்கத்தினரைக் கேட்டதனால் கட்சி குலைந்து போகவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சி வேண்டுமோ?

காவேரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தைப் பாருங்கள். 2011-ல் முதலமைச்சரையே சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி அது. 2014-ல் அவர் தகுதியிழந்ததால் 2015 பிப்ரவரியில் உபதேர்தல் நடந்தது. இரு முறையும் ஸ்ரீரங்கத்து வாக்காளர் செய்ததெல்லாம், சென்னைத் தலைமைகள் அறிவித்த பெயர்களுள் ஒன்றைப் பொறுக்கியதே. அவ்வூர்க் கட்சி அங்கத்தினர் கூடி, இன்னாரை நிறுத்துக என்று வோட்டளிக்கும் நாள் வரவில்லை.

அமெரிக்க முறையில் குற்றமில்லையா என்று கேட்கலாம். உண்டு. பூர்வாங்கத் தேர்தலில் பணம் வெள்ளமாய்ப் பாய்கிறது. வோட்டளிக்க வருபவர் குறைவு. தீவிரவாதிகளின் குரல் ஓங்குகிறது. ஆதலின் அதை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் அங்கத்தினர் ஜாபிதா வெளியிடப்பட வேண்டும். குறிப்பிட்ட காலம் அங்கத்தினராயிருந்தோர் ரகசிய வோட்டினால் அபேட்சகரைத் தெரிந்தெடுக்க வேண்டும். தேர்தல் கமிஷன் அதை மேற்பார்வையிட வேண்டும். இம்மூன்றும் சட்டமானால் போதும்.

சட்டம் வரும்வரை காத்திருப்பானேன்? சுவரொட்டி ஒட்டி, கொடி பிடித்து, வெயிலில் அலையும் தொண்டர்கள் தத்தம் கட்சியில் இன்றே இக்கேள்வியை எழுப்பலாம். உழைக்க மட்டும் உரிமை, தெரிந்தெடுக்க உரிமையில்லை என்ற நிலையைச் சகித்திருப்பது அவர்களுக்கும் அழகன்று, தேசத்துக்கும் நலமன்று.