கூகளுக்கு நம் தோட்டத்தின் பெயர் தெரியுமா?

“எல்லாம் கூகள்ல இருக்கு, இனி நூலகர் எதுக்கு?” லோபாக் சாப்பாட்டுக் கடையில் நண்பர்கள் கேட்டார்கள். நான் பொறியாளன், நிரல் எழுதிப் பிழைப்பவன். அதனால்தான் சொல்கிறேன்: இது சோம்பேறிக் கேள்வி.

தேடுபொறி, யாரோ ஏற்றி வைத்ததைத்தான் எடுத்துத் தரும். நம் தோட்டங்கள் பலவற்றுக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று. பால்மரம் வெட்டிய பாட்டிமார் அழைத்த பெயர் வேறு. இரண்டும் ஒரே இடம்தான் என்று ஒருவர் உட்கார்ந்து அட்டவணையில் இணைக்கணும். அவர்தான் நூலகர்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி, பட்டியலிட்டு, எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய தமிழ் முரசை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. நாம்? 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றபோது முகநூலில் அஞ்சலி எழுதிவிட்டுத் தூங்கப் போனோம்.

இணையம் நூலகரின் வேலையை ஒழிக்கவில்லை, கூட்டியிருக்கிறது. வருடணும், எழுத்துணரி விட்ட பிழையைத் திருத்தணும், பெயர்களை இணைக்கணும். அதற்குத் தமிழும் தெரியணும், கணினியும் தெரியணும். ஆனால் பிள்ளை நூலகவியல் படிக்கிறேன் என்றால், “அதுல என்னடா சம்பளம்?” என்கிறோம்.

லயங்கள் போய்விட்டன. அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றிய தாள்களும் போனால், கூகள் எதைத் தேடித் தரும்?