மழைக்கு முன் வைப்பர்

போடிமெட்டு, குமுளி மலைப்பாதைகளில் ஏலத்தோட்ட வேலைக்கு நம்மவரைச் சுமந்து செல்பவை பெரும்பாலும் ஜீப்புகளே. பழைய வில்லிஸ் வண்டியை வாங்கி, பட்டறையில் புதிதாக மேற்கூடு கட்டி, பதிவதிகாரியின் அனுமதியோடு டீசல் எஞ்சின் மாற்றுவாரும் உளர். அச்சிக்கனத்தை நாம் குறை கூறோம். ரயில்வேக் குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். அவ்வண்டிகளில் நம் வீட்டுப் பெண்டிரும் செல்கின்றனரே!

அவ்வண்டிகளின் பழைய வைப்பர், எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலிமையால் இயங்குவது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால் அவ்வலிமை குன்றும்; கொட்டும் மழையிலேயே வைப்பர் உறங்கிவிடும். டீசல் எஞ்சினிலோ காற்றை அடைக்கும் கதவு இன்மையால், அவ்வுறிஞ்சல் போதிய அளவு உண்டாவதே இல்லை. ஆகவே மின்மோட்டாரே தக்கது. பாட்டரி 12 வோல்ட்டாயின் மோட்டாரும் அவ்வாறே இருத்தல் வேண்டும்; வில்லிஸின் பழைய 6 வோல்ட் மோட்டார் கருகிப்போகும்.

இன்னொன்று. தானே ஓரத்துக்குத் திரும்பும் மோட்டாருக்கு, ஸ்விட்ச் வழி வரும் ஒயரோடு, சாவியைத் திறந்தவுடன் நேரே மின்சாரம் வரும் ஒயரும் தேவை. அதை விட்டுவிட்டால், ஸ்விட்சை அணைத்த கணமே பிளேடு ஓட்டுநரின் கண்ணெதிரே நின்றுவிடும். பொருத்தியபின் கண்ணாடியில் நீரூற்றியே ஓட்டிப் பார்க்க. உலர்ந்த கண்ணாடி ரப்பரைத் தின்றுவிடும்.